பைய இழுங்க அண்ணாச்சி

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் வயலுக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களில் என் கை படாதது கொஞ்சம்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன், அதில் என்ன தப்பு? ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டித் தள்ளிச் சோலி படித்தேன். இன்றைக்கு அதே பேட்டையில் சொந்தப் பட்டறை, சொந்த இடம், வாசலில் என் பேர் போட்ட போர்டு. போனில் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, குழாய் அடியில் தண்ணீருக்குள் கிடக்கிற புட்வால்வு அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியருக்குப் படித்த பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகும்.

அப்படிப்பட்டவனுக்குத் தன் நெஞ்சுக்குள் இருந்த வால்வு அடைத்தது தெரியவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வால்வு ஆபரேஷனைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் நுரையீரலுக்குள் பிரஷர் இறங்காமல் நிற்கும், அதற்கு மருந்தை மூச்சோடு இழுக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

முதலில் மூச்சு வாங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் சுண்ணாம்பு உதிருகிறதா என்று பார்ப்பது போல நடிப்பேன். செருப்பு வார் பதிந்த தடம் காலில் சாயங்காலம் வரைக்கும் மறையாது. தலைக்கு ஒரு தலையணை வைத்தவன் இரண்டு வைத்தேன், பிறகு மூன்று. என் வீட்டுக்காரி கோமதிதான் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, கேட்டியளா? படுத்துத் தூங்குதியளா, உக்காந்து தூங்குதியளா?”

“ரெண்டும்தான். உனக்கென்னட்டி?”

“ஊரான் மோட்டார் இரைச்சல் போன்ல கேக்கும் உங்களுக்கு. உங்க நெஞ்சு இரையுதது பக்கத்துல கிடக்கவளுக்குத்தான் கேக்கும்.”

மறுநாள் என் மகன் சொக்கலிங்கத்தை வண்டி எடுக்கச் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எக்கோ எடுத்தார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், வலிக்காது. நெஞ்சில் குளிர்ச்சியாக ஒரு பசையைத் தடவி, கைக்கடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். உள்ளே இதயம் துடிப்பது திரையில் தெரியும். நானும் எட்டிப் பார்த்தேன். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வால்வு முழுதாகத் திறக்கவில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி கொஞ்சமாகத் திறந்து, அப்படியே நின்றது.

அதற்கு மைட்ரல் வால்வு என்று பேர். நுரையீரலில் சுத்தமாகித் திரும்புகிற ரத்தம் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது. அம்மா வேப்பிலை அடித்து, பத்தியம் வைத்து, அதுவும் போய்விட்டது. போகவில்லையாம். போகும்போது வால்வைத் தடவிவிட்டுப் போயிருக்கிறது. வழி சுருங்கச் சுருங்க ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரல் குழாய்களில் பிரஷர் ஏறியிருக்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை இது. அது எனக்கு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. இது உள்ளே, நுரையீரலுக்கென்று தனியாக ஓடுகிற லைனில் இருக்கிற பிரஷர்.

“டாக்டர், புட்வால்வு மாத்துத சோலி எனக்குத் தெரியும். மாத்திட்டா லைன்ல பிரஷர் தன்னால சரியாயிரும்லா?”

அவர் சிரித்தார். இந்தப் பக்கத்துக்காரர்தான், பேச்சில் தெரிந்தது. “உங்க லைன் பிளாஸ்டிக் பைப்பு அண்ணாச்சி. இது சதை. இத்தன வருசமா அழுத்தத்தத் தாங்கித் தாங்கிக் குழாய் சுவரே தடிச்சுப் போச்சு. வால்வு மாத்துனதும் சில பேருக்கு இளகிரும். சில பேருக்கு நாளாகும்.” பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினார். “அதுவரைக்கும் அந்தத் தடிச்ச குழாய்க்குள்ள ரத்தத்தத் தள்ளுதது இதயத்தோட வலது பக்கம். அது ஏற்கனவே களைச்சுப் போயிருக்கு. அது தாங்கணும். அவ்வளவுதான் கேள்வி.”

அது எனக்கு யாரும் விளக்க வேண்டாத விஷயம். மூடின வால்வை எதிர்த்து ஓடுகிற மோட்டார் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே கம்பிச்சுருள் கருகின வாசனையோடு எத்தனை என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி கம்பி சுற்றிக் கொடுத்துவிடுவேன். நெஞ்சுக்கு யார் கம்பி சுற்றுவார்கள்? அன்றைக்கிலிருந்து என் மனதுக்குள் ஓடினது அந்த ஒரு கேள்விதான். வலது பக்கம் தாங்குமா?

எந்த வால்வு வைப்பது என்று அடுத்த பேச்சு வந்தது. உலோக வால்வு என்றால் எனக்குச் சம்மதம். வெண்கலமா, ஸ்டீலா என்று கேட்டேன். ஆனால் அதை வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும், பட்டறையில் கையைக் கிழித்துக்கொண்டால் ரத்தம் லேசில் நிற்காது, உங்கள் வயசுக்கும் தொழிலுக்கும் திசு வால்வுதான் சரி என்றார். திசு வால்வு என்பது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற சவ்வில் செய்வது. அதைச் சொல்லும்போது கோமதி நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது.

கோமதி யோசித்தாள். பிறகு, “பால் குடிக்கோம், மோர் குடிக்கோம். வாயில போட்டாத்தான் சார் அசைவம். நெஞ்சுல வைக்கதுக்கு என்ன? நல்ல மாடா பாத்து வையுங்க” என்றாள். டாக்டர் சிரித்தே விட்டார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. தூங்கினேன், அவ்வளவுதான். வால்வு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். விழித்தபோது தொண்டைக்குள் ஒரு குழாய், கைகள் லேசாகக் கட்டிக் கிடந்தன. பக்கத்தில் மூச்சுவிட வைக்கிற இயந்திரம் என் மூச்சைத் தன் இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டிருந்தது. குழாய் இருந்தால் பேச முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைச் சுற்றி நாலு பேர் பேசி, நான் பதில் சொல்லாமல் கிடந்தேன்.

அந்த இயந்திரத்தோடு ஒரு சிலிண்டரை இணைத்திருந்தார்கள். ரெகுலேட்டரைப் பார்த்ததும் தெம்பு வந்தது, அது நம்ம சாதி. நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சில் கலந்து கொடுத்தார்கள். ஊசியில் ஏற்றினால் உடம்பு முழுவதும் குழாய்கள் இளகி, மொத்தப் பிரஷரும் விழுந்துவிடுமாம். மூச்சோடு போனால் நுரையீரலில் இருக்கிற குழாய் மட்டும் இளகும். வயல் முழுவதும் மடையைத் திறந்துவிடாமல், காய்கிற பாத்திக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, கெட்டிக்காரன். என் பட்டறையில் இருந்திருக்க வேண்டியவன்.

வால்வு சரியாகிவிட்டது. பிரஷர் இறங்கவில்லை. சாதாரண ஆளுக்கு இருபதைச் சுற்றி இருக்க வேண்டியது எனக்கு அறுபதுக்கு மேலேயே நின்றது. கழுத்து வழியாக விட்டிருந்த மெல்லிய குழாய் அதை அளந்து திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. வாயுவை நிறுத்திப் பார்த்த முதல் தடவை எண் கிடுகிடுவென்று ஏறியது. நெஞ்சுக்குள் யாரோ முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஓடிவந்து மறுபடி திறந்தார்கள். வலது பக்கம் தாங்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்போது நான் பயந்தேன். மறைத்து எழுத இதில் ஒன்றுமில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதைத் துடைத்தது ஜெசிந்தா. அந்த வார்டு நர்ஸ். மணப்பாட்டுப் பக்கம் கடற்கரை ஊர், அப்பா மீன்பிடிக்கிறவர். என் மூத்த பேத்தியைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். “ஒண்ணுமில்ல தாத்தா. வேகமா கொறச்சிட்டோம், அவ்வளவுதான். இனிமே பையப் பையக் கொறைப்போம்” என்றாள்.

அவள் சொன்னபடியேதான் செய்தார்கள். ரெகுலேட்டரை ஒரு நூல் திருகுவது, காத்திருப்பது, எண்ணைப் பார்ப்பது, மறுபடி ஒரு நூல். ஒரு வழியாக வாயு நின்றது, குழாயையும் எடுத்தார்கள். தொண்டை கரகரவென்று, என் வாயில் வந்த முதல் வார்த்தையைக் கேட்க எல்லாரும் குனிந்தார்கள்.

“தாத்தா இல்ல. அண்ணாச்சி.”

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரர் விழித்துவிட்டார்.

பார்வை நேரத்தில் கோமதி வந்து நின்றதை இங்கே சொல்ல வேண்டும். அழவில்லை, சாமி பேரைக்கூடச் சொல்லவில்லை. என் பாதத்தில் கை வைத்துக்கொண்டு பட்டறைச் செய்தி சொல்லுவாள். “களக்காட்டுக்காரரு அஞ்சு எச்பி மோட்டார் ஓடுது. கல்லிடைக்குறிச்சிக்கு இம்பெல்லர் மாத்தியாச்சு. சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டருக்குக் கப்பாசிட்டர் வந்துட்டு.” இம்பெல்லர் என்றால் பம்புக்குள் சுழலுகிற சக்கரம் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்று சொக்கலிங்கத்திடம் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். பில்லை மட்டும் இரண்டு பேரும் கடைசி வரை என் கண்ணில் காட்டவில்லை.

சாதாரண வார்டுக்கு வந்ததும் அடுத்த வைத்தியம். நெபுலைசர் என்று ஒரு பெட்டி. உள்ளே சின்னக் கம்ப்ரசர். கண்ணாடிக் குப்பியில் வருகிற மருந்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பெட்டியை ஓடவிட்டால் மருந்து ஆவி போலப் புகைந்து வரும், வாயில் வைத்து இழுக்க வேண்டும். இலோபிராஸ்ட் என்று மருந்தின் பேர். வாயு செய்த அதே சோலிதான், நுரையீரல் குழாயை மட்டும் இளக்குவது. கொஞ்ச நேரத்தில் வேகம் தீர்ந்துவிடும், ஆகவே விழித்திருக்கிற நேரமெல்லாம் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் சூடாகிச் சிவக்கும். தாடை கொஞ்சம் வலிக்கும். இருமல் வந்தால் தையல் போட்ட நெஞ்சில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இதெல்லாம் வரும், பயப்பட வேண்டாம். இழுக்கக் கற்றுக்கொடுக்க ஜெசிந்தாவே இங்கேயும் வந்தாள்.

“உதட்ட நல்லா மூடுங்க. பைய இழுங்க. உள்ளயே கொஞ்சம் வையுங்க... அய்யோ, அண்ணாச்சி! கலர் சோடா குடிக்க மாதிரி இழுக்கியளே!”

“ஏம்மா, சீக்கிரம் இழுத்தா சீக்கிரம் முடியும்லா?”

“சீக்கிரம் முடிஞ்சு எங்க போகப் போறிய?”

பட்டறைக்குப் போக வேண்டும். வேறென்ன?

கூடவே ஒரு மாத்திரை. சில்டெனாபில். நுரையீரல் குழாயை இளக்குவதற்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். வேறு எதற்கு அதைச் சாப்பிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். பேட்டை மருந்துக்கடையில் சொக்கலிங்கம் போய்க் கேட்டிருக்கிறான். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கா தம்பி?” என்றாராம். “இல்ல, அப்பாக்கு” என்றிருக்கிறான் என் மகன். “எந்நேரமும் நிறுத்தாமச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.” அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். நெஞ்சு எலும்பு கூடிவந்த பிறகு பட்டறையில் போய்ச் சும்மா உட்கார அனுமதி கிடைத்தது. இங்கேதான் நான் ஒரு வேலை பார்த்தேன். யாரும் செய்துவிடக் கூடாது என்றுதான் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு தடவை இழுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். கண் முன்னால் பட்டறை ஆள் மோட்டாரைத் தப்பாகப் பிரிப்பான், வாயில் குழாய் இருப்பதால் திட்டக்கூட முடியாது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் காற்று வருகிற துளை ஊசிமுனை அளவு. புகையோ, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசு. பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி எத்தனை செய்திருக்கிறேன் நான்! இதென்ன பெரிய விஷயம்? மெல்லிய டிரில் பிட் போட்டுத் துளையைக் கொஞ்சம் அகலமாக்கினேன். அந்தப் பொம்மைக் கம்ப்ரசரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பட்டறைக் கம்ப்ரசரில் இருந்து பில்டர், ரெகுலேட்டர் எல்லாம் போட்டு லைன் கொடுத்தேன். புஸ்ஸென்று வெள்ளை வெளேரென்று வந்தது புகை. நாலைந்து இழுப்பில் கிண்ணம் காலி. தாடியெல்லாம் நனைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

வாழைத் தோட்டத்துக்கு மோட்டார் வாங்க வந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, மருந்து குடிக்கியளா, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கியளா?”

“ஆஸ்பத்திரிக்காரன் கால் மணி நேரம் உருட்டுததை நான் ஒரு டீ ஆறதுக்குள்ள முடிக்கேன் வே. படிச்சவனுக்கு இது தோணுச்சா?”

கோமதிக்குப் பிடிக்கவில்லை. “அவுக குடுத்தத அவுக குடுத்த மாதிரியே செஞ்சா என்ன?” என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் செருப்புத் தடம் திரும்ப வந்தது. முந்தின நாள் சாப்பிட்ட மாவடு உப்பு என்றேன். மூச்சு வாங்கியது. வெயில் என்றேன். ஒருநாள் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கக் கை நீட்டினேன், கை போய்ச் சேரவில்லை. கண் இருட்டி, வாழை சரிவது போல மோட்டார்களுக்கு நடுவில் சரிந்தேன்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே பசை, அதே எக்கோ. பிரஷர் பழையபடி மேலே நின்றது. வலது பக்கம் வீங்கியிருந்தது. நுரையீரல் டாக்டரம்மா ஒருவர் வந்து பார்த்தார். மெதுவாகப் பேசுகிறவர், அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

“மருந்து ஒழுங்காத்தான எடுக்கிறீங்க?”

“ஒரு வேளை விட்டதில்ல” என்றேன். பொய் இல்லை.

அவர் கோமதியிடம் திரும்பினார். “அப்போ இந்த மருந்து இவருக்கு வேலை செய்யலைன்னுதான் நினைக்கணும். அடுத்தது, நெஞ்சுல நிரந்தரமா ஒரு குழாய் வச்சு இருபத்திநாலு மணி நேரமும் மருந்து உள்ள போயிட்டே இருக்க மாதிரி ஒரு வைத்தியம் இருக்கு. வெளியூருக்குத்தான் போகணும். அதுலயும் எவ்வளவு கேக்கும்னு இப்போ சொல்ல முடியாது. வலது பக்கம் ரொம்பக் களைச்சிருக்கு.”

கோமதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு முடிவு பண்ணலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வெளியே வராண்டாவில் யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பிறகு பட்டறை நடக்கும், சொக்கலிங்கம் பார்த்துக்கொள்வான் என்று யோசித்தேன். இவள் மூன்று தலையணையையும் என்ன செய்வாள் என்று யோசித்தேன்.

நான் வந்திருப்பது கேள்விப்பட்டு ஜெசிந்தா தன் வார்டில் இருந்து எட்டிப் பார்க்க வந்தாள். கோமதி விஷயத்தைச் சொன்னாள். ஜெசிந்தா என் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணாச்சி, எப்படி இழுக்கிய? ஒருக்கா காட்டுங்க.”

அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமை போகவில்லை. வாசலில் நின்ற மகனைக் கூப்பிட்டேன். “ஏலே சொக்கு, வண்டியில நம்ம செட்டு கிடக்குல்லா, எடுத்துட்டு வா” என்றேன். டயருக்குக் காற்றடிக்கிற சின்னக் கம்ப்ரசரோடு என் கிண்ணத்தையும் கொண்டுவந்தான். மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட விட்டேன். புஸ்ஸென்று வந்தது. “பாத்தியா? எப்படி?”

அவள் உள்ளங்கையை அந்தப் புகைக்கு முன்னால் நீட்டினாள். கை நனைந்து, விரலிடுக்கில் சொட்டியது. கையைத் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பெட்டியை எடுத்துவந்து ஓடவிட்டு, அதே கையை நீட்டினாள். கை காய்ந்தே இருந்தது.

“அண்ணாச்சி, எங்க ஊர்ல கடலுக்கு எதிர்த்தாப்ல வீடு. அலை வந்து சுவத்துல அடிக்கும். நனையும், காஞ்சிரும், உப்பு வெளியத்தான் நிக்கும். ஆனா காத்துல ஒரு உப்பு வரும். கண்ணுக்கே தெரியாது. பூட்டின பீரோவுக்குள்ள போய் ஆணியத் தின்னுரும். மருந்து அந்த உப்பு மாதிரி வரணும். நீங்க அலை அடிக்கிய. எல்லாம் வாயிலயும் தொண்டையிலயும் நின்னு வயித்துக்குப் போயிட்டு. நெஞ்சுக்குள்ள ஒரு சொட்டுப் போகல.”

தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்றில் தின்றுபோன மோட்டார் மூடிகள் என் பட்டறையில் குவிந்து கிடக்கின்றன. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், திறந்தால் உள்ளே துருவாக உதிரும். நாற்பது வருஷமாக அதைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருக்கிறவன் நான். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வேகத்தில் புரிந்துகொள்ள வேறொருவனால் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போது செய்தது, என் கம்ப்ரசரின் வயரைப் பிடுங்கினது மட்டும்தான். கோமதி என்னைப் பார்த்தாள். “நான் அன்னைக்கே” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். அவள் முடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

டாக்டரம்மா வந்து கேட்டுவிட்டு, கிண்ணத்தைக் கையில் வாங்கித் துளையை வெளிச்சத்தில் பார்த்தார். “நான் மருந்தக் குத்தம் சொல்லிட்டு இருந்தேனே” என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “வெளியூர்ப் பேச்ச ஒரு வாரம் தள்ளி வைப்போம். சரியா எடுங்க. வலது பக்கம் தாங்குதான்னு பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். நீர் பிரிய மாத்திரை, மூக்கில் ஆக்சிஜன், முறைப்படி அந்தப் பெட்டி. என் வாழ்க்கையில் எதையும் பையச் செய்தது கிடையாது. பையச் செய்திருந்தால் இன்னும் இரும்புத்தூள்தான் கூட்டிக்கொண்டிருப்பேன். இங்கே அந்த வேகம் செல்லவில்லை. அவசரப்பட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளே போகிறதா என்று தெரியவில்லை, நம்பி இழுக்க வேண்டும். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவனுக்கு அது பெரிய வேலை.

வாரக் கடைசியில் எக்கோ. டாக்டரம்மாவே கருவியை வைத்துப் பார்த்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

“இறங்கியிருக்கு” என்றார். “நிறைய இல்ல. ஆனா இறங்கியிருக்கு. மருந்து கேக்குது.”

இது நடந்து கொஞ்ச காலமாகிவிட்டது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருகிறது. சாதாரண ஆள் அளவுக்கு வரவில்லை, வராமலேயே கூட நிற்கலாம் என்கிறார்கள். வலது பக்கத்து வீக்கம் வாடியிருக்கிறது. மாடிப்படி ஏறுகிறேன், சுண்ணாம்பைப் பார்க்காமல். தலையணை ஒன்றாகிவிட்டது. செக்கப்புக்குப் போனால் ஜெசிந்தா புது ஆட்களிடம் என்னைக் காட்டி, “இந்த அண்ணாச்சி இழுக்கதப் பாத்துப் படிங்க” என்கிறாள். உண்மைதான். திருநெல்வேலிச் சீமையில் என் அளவுக்குப் பைய இழுக்கிற ஆளை நீங்கள் காட்டிவிட முடியாது. துளை பெருசாக்கின கிண்ணத்தையும் கொண்டுபோய் அவளிடமே கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் அதை ஓட்டிக் காட்டி உள்ளங்கையை நனைத்துக்கொள்ளச் சொல்லுகிறாளாம். நான் செய்த சாமான்களில் ஆஸ்பத்திரிக்குப் போனது அது ஒன்றுதான்.

நோயாளிகளுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். அவர்கள் கொடுத்த இயந்திரத்தில் கை வைக்காதீர்கள். வீட்டில் எப்படி எடுக்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் செய்து காட்டுங்கள். வீங்கினால் மாவடு மேல் பழி போடாதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் பெட்டியை ஓடவிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். எதிரில் கோமதி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒன்றைக் கவனித்தேன். நான் இழுக்கும்போது அவள் கை நிற்கிறது. நெஞ்சு ஏறுகிறது. நான் உள்ளே வைத்திருக்கும்போது அவளும் வைத்திருக்கிறாள். நான் விட்டதும் விட்டுவிட்டு, வெங்காயத்தில் ஒரு தோல் உரிக்கிறாள். அடுத்த இழுப்புக்கு மறுபடி நிற்கிறது. இத்தனை மாதமாக எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

குழாயை வாயில் இருந்து எடுத்தேன். “ஏட்டி, உனக்கு என்ன சீக்கு? நீ எதுக்கு என்கூடச் சேந்து இழுக்க?”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒத்தையில விட்டா நீங்க வேகமா இழுத்துருவிய.”

அப்புறம், “வாயில வையுங்க, மருந்து வீணாப் போகுது” என்றாள்.

வைத்தேன். இரண்டு பேரும் பைய இழுத்தோம்.